மாசி, பங்குனி... இது குஞ்சுகளின் சீசன்! எங்கே போகலாம்? எங்கே இப்போது போகக் கூடாது?

மாசி, பங்குனி என்றாலே நமக்கு வெயிலும் பரீட்சையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஏரிக்கும் கடலுக்கும் காட்டுக்கும் அது பிள்ளை வளர்க்கும் காலம். மரக்கிளையில் நாரைக் குஞ்சுகள் வாய் பிளந்து இரை கேட்கும். மணலுக்குள் ஆமை முட்டைகள் பொரியும். மலை உச்சியில் வரையாடு குட்டி போடும். இலை உதிர்ந்த காட்டில் மறைவு குறைவு என்பதால், விலங்குகளும் சுலபமாகக் கண்ணில் படும்.

ஆனால், தாய் பயந்து விலகினால் குட்டியின் உயிருக்கே ஆபத்தாகும் காலமும் இதுதான். அதனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எங்கே போகலாம், எப்படிப் பார்க்கலாம் என்பதோடு, எங்கே இப்போது போகக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்வோம்.

1. வேடந்தாங்கல்: கடைசி வாய்ப்பு மார்ச்

சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. திருச்சி நெடுஞ்சாலையில் படாளத்தில் திரும்ப வேண்டும். நவம்பரில் தொடங்கும் சீசன் மார்ச்சோடு முடிந்துவிடும். டிசம்பரில் கூடு கட்டும் காட்சி என்றால், பிப்ரவரியில் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் காட்சி. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் குடும்பத்தோடு இருக்கும். இரை தேடப்போன பறவைகள் திரும்பும் மாலை நேரம்தான் பார்ப்பதற்குச் சிறந்தது.

இந்தப் பறவைகளை ஊர் மக்கள் 200 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வருகிறார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். பறவைகள் மிரளும் என்பதால் தீபாவளிக்கும் இங்கே பட்டாசுச் சத்தம் கேட்காது. நாமும் காரில் ஹாரன் அடிக்காமல் போய்வரலாமே!

2. கூந்தன்குளம்: வீட்டு வாசலில் கூடு

வேடந்தாங்கலைத் தவறவிட்டவர்கள் திருநெல்வேலிக்கு டிக்கெட் போடலாம். அங்கிருந்து சுமார் 35 கி.மீ. தூரத்தில் இருக்கும் கூந்தன்குளத்தில் சீசன் கோடை வரை நீளும். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்தில் மட்டுமல்ல, தெருவிலும் வீட்டுக் கொல்லையிலும் இருக்கும் மரங்களில்கூடக் கூடு கட்டுகின்றன. பறவைகள் வந்தால் ஊருக்கு நல்லது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கும் வழக்கமும் இங்கே உண்டு.

இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைப் பார்க்க ஆசையா? அவை ஊர் திரும்பும் முன், பிப்ரவரியிலேயே போய்விடுங்கள்.

3. சென்னைக் கடற்கரை: பங்குனி ஆமை

காசு செலவில்லாத இடம் இது. ஆலிவ் ரிட்லி ஆமைக்கு நம் மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, சுமார் 100 முட்டைகள் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும்.

நகரத்துக் குஞ்சுகளுக்கு வெளிச்சமே எமன். இருட்டில் பளபளக்கும் கடலை நோக்கி ஓட வேண்டியவை, தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுப் பக்கம் போய்விடும். இதைத் தடுக்கத்தான் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவுகளில் கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். சீசனில் வார இறுதி நடைகளில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். மார்ச், ஏப்ரலில் குஞ்சுகளைக் கடலில் விடுவதையும் பார்க்கலாம். டார்ச், ஃபிளாஷ் இரண்டுக்கும் தடா.

2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஒவ்வொரு முட்டையும் ஏன் முக்கியம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

4. வால்பாறை: சிறைக்குள் ஒரு தாய்

பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். மலையேறியதும் அண்ணாந்து பாருங்கள். ரயில் போவதுபோல் இறக்கைச் சத்தம் கேட்டால் அது பெரிய இருவாச்சி.

பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய், வாசலை எச்சத்தால் பூசி, சிறு பிளவு மட்டும் விட்டு அடைத்துக்கொள்ளும். முட்டை பொரிந்து குஞ்சு ஓரளவு வளரும்வரை மாதக்கணக்கில் உள்ளேதான் வாசம். அத்திப்பழமும் மற்ற இரையும் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்டுவது ஆண் பறவையின் வேலை. அது வராமல்போனால் உள்ளே இருக்கும் இரண்டு உயிருக்கும் ஆபத்து. கூடு இருக்கும் மரம் தெரிந்தாலும் அதன் அடியில் போய் நிற்காதீர்கள்.

புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். பிஸ்கட், சிப்ஸ் கொடுத்துப் பழக்கினால் அவை சாலைக்கே வந்து அடிபடும்.

5. கபினி: யானைக் கூட்டம்

மைசூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், நாகரஹொளே காட்டை ஒட்டிய நீர்த்தேக்கம். மார்ச் முதல் மே வரை தண்ணீர் இறங்க இறங்க, கரையில் பசும்புல் முளைக்கும். சுற்றியுள்ள காடுகள் காயும்போது யானைகள் குட்டிகளோடு இங்கே கூட்டம் கூட்டமாக வரும். சஃபாரி நடக்கிறதா என்று வனத்துறையிடம் உறுதி செய்துவிட்டு ரூம் புக் பண்ணுங்கள்.

இப்போது போகக் கூடாத இடம்: இரவிகுளம்

மூணாறு போகிறவர்கள் கவனத்துக்கு. தமிழகத்தின் மாநில விலங்கான வரையாட்டை மிக அருகில் பார்க்கக்கூடிய இடம், கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்கா. ஆனால், வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில் பூங்கா மூடப்பட்டுவிடும். சீசன் நேரத்து வருமானத்தை விட்டுக்கொடுத்து, பிறந்த குட்டிகளுக்குக் கொடுக்கும் தனிமை இது. ஏப்ரலில் திறந்ததும் போனால், தாய் பின்னாலேயே துள்ளிவரும் குட்டிகளையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கிளம்பும் முன்...

* இது காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி உயிரிழந்தனர். மூடப்பட்ட மலைப்பாதைகளுக்கு யார் அழைத்தாலும் போகாதீர்கள். பீடி, சிகரெட், தீப்பெட்டி வேண்டாம்.
* பச்சை, காக்கி போன்ற மங்கலான நிற உடை நல்லது. பெர்ஃப்யூம் தவிர்க்கவும்.
* பைனாகுலர் இருந்தால் கிட்டே போக வேண்டிய அவசியமே இல்லை.
* கூடு இருக்கும் இடத்தை லொக்கேஷனோடு சோஷியல் மீடியாவில் போடாதீர்கள்.
* நீங்கள் பார்க்கும் விலங்கு தலை தூக்கி உங்களையே பார்க்கிறதா? ரொம்பவே நெருங்கிவிட்டீர்கள். சத்தமில்லாமல் நாலடி பின்னால் வாருங்கள். அது மறுபடி மேயத் தொடங்கியதும், நிதானமாக ரசியுங்கள்.