உங்களுக்குத் தெரியுமா? 72 மணி நேரம் முக்கியம்!

முன்பின் அறியாதவருடன் ஆணுறையின்றி உறவு கொண்டுவிட்டு, மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அன்றைய சோதனை, முன்பே எச்.ஐ.வி. இருந்ததா என்று மட்டுமே சொல்லும். புதிய தொற்று தெரிய வாரக்கணக்காகும்; விரலில் குத்திப் பார்க்கும் சோதனையில் 90 நாள்கூட ஆகலாம்.

ஆனால் மருத்துவரிடம் உடனே போயாக வேண்டும்! உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிடும் தடுப்பு மாத்திரைகள், எச்.ஐ.வி. உடலில் வேரூன்றாமல் பெரும்பாலும் காத்துவிடும். அதே உறவால் தொற்றக்கூடிய மேகப்புண்ணுக்கோ (சிபிலிஸ்) பென்சிலின் ஊசி இருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் செய்த அரும்பணி அது. இன்று தமிழக அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். விவரங்கள் வெளியே போகாது. தயக்கமாக இருந்தால் முதலில் 1097-ஐ அழைத்துப் பேசலாம்.