இந்து விவாகச் சட்டமும் கொடுமையும்

“கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்” என்பது தமிழர் இல்லங்களில் நெடுங்காலம் வழங்கிவரும் பழமொழி. கல்லும் புல்லும் தாமாக எவரையும் துன்புறுத்துவதில்லை. துன்புறுத்தும் துணையோடு வாழ நேர்ந்தவருக்கு வழி யாது என்னும் வினாவுக்கு அப்பழமொழி விடை கூறவில்லை.

இந்திய நாட்டிலே சட்டம் அதற்குப் படிப்படியாகவே விடை கண்டது. 1955 ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம், கொடுமையைக் காரணங்காட்டி நீதிமன்றத்தின் மூலம் பிரிந்து வாழ மட்டுமே இடமளித்தது. அப்பிரிவினால் மணம் முறிந்துவிடாது. அதனைப் பெறுதற்கும், கூடி வாழ்வது தமக்குத் தீங்காகும் என்னும் நியாயமான அச்சம் உண்டென்று மனுதாரர் காட்ட வேண்டியிருந்தது. 1976 ஆம் ஆண்டின் திருத்தம் கொடுமையை மணவிலக்குக்கே உரிய காரணமாக்கியது. அச்சம் பற்றிய நிபந்தனையையும் நீக்கியது. கணவன், மனைவி இருவருக்கும் இவ்வுரிமை பொது.

கொடுமை என்பது யாது? சட்டம் அதற்கு வரைவிலக்கணம் கூறவில்லை. மனிதர் ஒருவரையொருவர் வருத்தும் வழிகளுக்கு எல்லை இல்லையன்றோ? ஆதலின், தம்பதியரின் நிலையையும் சூழலையும் நோக்கி நீதிபதியே துணிய வேண்டும். அடித்தல் மட்டும் கொடுமையன்று. வரதட்சிணை கேட்டு வருத்துவதும் கொடுமையே என 1987 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைவிடாத இழிசொல்லும் அவமதிப்பும் மனக்கொடுமையாகலாம் என 2007 இல் அது எடுத்துக் காட்டியது. அன்றாட இல்வாழ்வில் எழும் சிறு பூசல்கள் அவ்வாறு ஆகா என்பதையும் அத்தீர்ப்பே தெளிவுறுத்தியது.

நான்கு சுவர்களுக்குள் நிகழ்வதை நிறுவுவது எங்ஙனம்? குற்றவியல் வழக்கிற் போல ஐயந்திரிபற நிறுவ வேண்டியதில்லை. நிகழ்ந்திருத்தலே கூடுதலாக நம்பத்தக்கது என்று காட்டினாற் போதும் என 1975 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று விளக்கிற்று. ஆயினும், ஒருவர் துணையின் கொடுமையை மன்னித்து மீண்டும் பழையபடி வாழத் தொடங்கினால், அதனையே காரணமாக்கி மணவிலக்குப் பெற இயலாது. அம்மன்னிப்போ நிபந்தனைக்கு உட்பட்டது. கொடுமை திரும்பவும் தலைதூக்குமாயின், மன்னிக்கப்பட்ட பழைய குற்றமும் உயிர் பெறும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. பொறுத்துப் பார்த்தவரின் பொறுமையே என்றென்றும் அவருக்குத் தடையாக நிற்காது என்பது இதனாற் பெறப்படும்.

மணமாகி ஓராண்டு கழியுமுன் மனுச் செய்தல் பொதுவாக இயலாது. மிகக் கடுந்துன்பம் நேர்ந்தவிடத்து நீதிமன்றம் விலக்களிக்கலாம். 2003 முதல் மனைவி தான் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். விசாரணை மூடிய அறையில் நடைபெறும். கூடுமாயின் இருவரையும் இணக்கி வைக்க நீதிபதி முதலில் முயல்வார். வருவாயற்றவர் வழக்கு முடியுமளவும் ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கோரலாம்.

இச்சட்டம் இலங்கைக்கு உரியதன்று. இங்கு விவாகப் பதிவுச் சட்டம் வேறு. எனினும், தமிழகத்தோடு மணவுறவு கொண்ட குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று. பொறுமை இல்லறத்துக்கு அணியாகும். ஆனால், பொறுப்பவர் என்றும் ஒருவராகவும் வருத்துபவர் என்றும் மற்றவராகவும் இருக்குமிடத்து, அப்பொறுமையை அறமென்று போற்றுதல் தகாது.