தொலைந்த சொற்கள்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்டப் பல மாநிலங்களுக்குச் செல்கின்றன. அவற்றில் பணிபுரிவோர் இணைய வழியே வீட்டாரோடு பேசுங்கால், சிலவேளை சொற்கள் அறுபடும். காரணம் யாது?

பேச்சு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, பல நிலையங்களைக் கடந்து செல்கின்றது. நெரிசலாலோ பழுதாலோ அவற்றுட் சில வழியிலே தொலைகின்றன. எழுத்துச் செய்தியாயின் மீண்டும் அனுப்பலாம்; பேச்சோ காத்திராது.

இவ்விழப்பை அறிய உதவும் ‘பிங்’ என்னும் நிரலை 1983-இல் மைக் மூசு என்னும் அமெரிக்கர் இயற்றினார். 100 பொட்டலங்களுள் 92-க்கே விடை வரின், போக்கிலோ வரவிலோ 8 தொலைந்தன எனத் தெளியலாம்.

பின்னர், மலைப்படிகளை ஒவ்வொன்றாய் ஏறுவது போல, அண்மை நிலையம் முதல் வரிசையாய்ச் சோதித்தல் வேண்டும். இடையில் ஒரு நிலையம் மட்டும் விடையளியாதிருப்பின் அதனைப் பழித்தல் தவறு. அதுமுதல் இறுதிவரை இழப்புத் தொடரின், பழுது பெரும்பாலும் அவ்விடத்தை அடுத்தே உளது.