சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வி

உள்நோயாளியாகச் சேர்க்கப்படுவோரிடம் பெயர், வயது, முகவரி ஆகியவற்றைக் கேட்டபின் நாட்டுரிமையையும் கேட்கிறோம். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிலர் மட்டும் அவ்விடத்தில் எழுதுவதை நிறுத்தி, உடன் வந்தவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லை செல்லும் வழியில், பத்தமடைக்கு அப்பாலுள்ள கோபாலசமுத்திரம் போன்ற ஊர்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கிருந்து வருவோருக்கு அந்தக் கேள்வி சாதாரணமானதன்று.

1983-ஆம் ஆண்டு கலவரத்துக்குப்பின் இலங்கையிலிருந்து தமிழர்கள் பெருமளவில் இங்கு வந்தனர். அகதிகள் குறித்த 1951-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆதலால் அவர்களது வாழ்வு அரசாணைகளையும் முகாம் பதிவேட்டையும் சார்ந்தே நடக்கிறது. கணக்கெடுப்பு நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். வெளியூரில் தங்குவதாயின் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். 2021-இல் தமிழக அரசு முகாம்களின் பெயரிலிருந்து ‘அகதிகள்’ என்ற சொல்லை நீக்கி, ‘மறுவாழ்வு’ என்று மாற்றியது. பெயர் மாறியது, பதிவேடு இருக்கிறது.

2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் உள்ளது. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்களுக்கு மாற்றாக வந்தது இது. தங்கிச் சிகிச்சை பெறும் வெளிநாட்டினரைப் பற்றிய விவரத்தை மருத்துவமனைகள் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இச்சட்டம் கூறுகிறது. இதை உங்களிடம் மறைக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் தெரிவிக்கும் கடமை வேறு, சிகிச்சையை மறுப்பது வேறு. மறுக்கும்படி அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. மேலும், 2015 ஜனவரி 9-க்குள் இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா ஆகியவை வைத்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்துள்ளது. அந்த விலக்கு குடியுரிமை ஆகாது. எனினும் சிகிச்சைக்கு வருவதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு அது போதுமான காரணம்.

அச்சத்தின் விலை என்ன என்பதை மருத்துவர்கள் நன்கறிவர். மாரடைப்பில் முதல் சில மணி நேரம் போய்விட்டால் இதயத்தசை திரும்புவதில்லை. கர்ப்பிணிக்கு ஏறும் இரத்த அழுத்தம், “கணக்கெடுப்பு முடியட்டும், பிறகு போகலாம்” என்று காத்திருப்பதில்லை. சிகிச்சையைத் தள்ளிப்போடாதவரையும் அச்சம் விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்னும் சிற்றூரின் இறைச்சி ஆலையில் 2008 மே மாதம் குடியேற்ற அதிகாரிகள் சோதனை நடத்தி, 389 பேரைக் கைது செய்தனர். அதன்பின் அம்மாநிலத்தில் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்குக் குறைந்த எடையுடன் குழந்தை பிறக்கும் அபாயம் 24 விழுக்காடு கூடியிருந்ததாக 2017-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கைதானவர்களின் குடும்பங்கள் மட்டுமல்ல. அந்நாட்டிலேயே பிறந்த, குடியுரிமை உள்ள தாய்மாரும் அதில் அடங்குவர். பிரிட்டனில் நோயாளிகளின் முகவரிகளைக் குடியேற்றத் துறைக்கு அளிப்பதற்கென 2017-இல் நடைமுறைக்கு வந்த ஓர் ஒப்பந்தம், மருத்துவர்களின் எதிர்ப்பால் மறு ஆண்டே கைவிடப்பட்டது.

நம் நாட்டு நீதிமன்றங்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. உயிர் காக்கும் சிகிச்சையை அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ தாமதிக்கலாகாது, சட்ட நடைமுறைகள் பிறகே என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் கூறியது. அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்ப்பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமன்று, இம்மண்ணில் உள்ள எவருக்கும் உரியது என்பதை 1996-இல் சக்மா மக்கள் தொடர்பான வழக்கில் உறுதிசெய்தது. எனவே அவசர நிலையில் 108-ஐ அழையுங்கள். அட்டையைத் தேடி நேரத்தை இழக்க வேண்டாம். காகிதம் பின்னால் வரலாம்.

முகாமில் வசிப்போர் வருமான வரம்பின்றி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். இது முகாம்வாசிகளிலேயே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது எங்களுக்கு வியப்பளிக்கிறது. உள்நோயாளியாக இருக்கும்போது கணக்கெடுப்பு நாள் வந்துவிட்டால், சேர்க்கைச் சான்றைக் கேட்டு வாங்கி, உறவினர் மூலம் முகாம் வருவாய் அலுவலருக்கு அனுப்பிவையுங்கள். வீடு திரும்பும்போது தரப்படும் சுருக்க அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள்.

மகப்பேற்றுக்கு வருவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெற்றோரின் நாட்டுரிமை எதுவாயினும், இங்கே பிறக்கும் குழந்தையின் பிறப்பு 21 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். அச்சான்றிதழ் தானாகவே குடியுரிமை தந்துவிடாது. எனினும் 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது, அவர் கையில் இருந்தது பிறப்புச் சான்றிதழ்தான். 1987 ஜூலைக்குப்பின் பிறந்தவர்களுக்குச் சட்டம் வேறு. ஆயினும் பள்ளிச் சேர்க்கை முதல் எல்லாவற்றுக்கும் அத்தாளே முதலில் கேட்கப்படும். பெயர்களின் எழுத்துகள் முகாம் அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று, வீடு திரும்புமுன் செவிலியரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.