'மூலம்தானே!' என்று விட்டுவிடாதீர்கள்

பேருந்து நிலையச் சுவர், மின்கம்பம்... எங்கே பார்த்தாலும் 'மூலம், பௌத்திரம்' விளம்பரம் கண்ணில் படும். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். வீட்டில்கூடச் சொல்லாமல், மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு நாள்களைக் கடத்துகிறோம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால், பெருங்குடல் புற்றுநோயிலும் இதே அறிகுறி வரும். எது என்பது பரிசோதித்தால்தான் தெரியும்.

கூச்சத்தை உடைத்தவர்

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கேட்டி கூரிக்கின் கணவர், 1998-ல் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 42. 2000-ல் கேட்டி, தனக்குச் செய்யப்பட்ட கொலோனோஸ்கோப்பி பரிசோதனையைத் தன் நிகழ்ச்சியிலேயே ஒளிபரப்பினார். அதன்பின் அந்த நாட்டில் இந்தப் பரிசோதனைக்கு வருவோர் அதிகரித்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

10 ஆண்டு அவகாசம்

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரே நாளில் முளைப்பதில்லை. குடலின் உள்சுவரில் 'பாலிப்' எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. எல்லா பாலிப்பும் ஆபத்தானவை அல்ல. சில மட்டும் மெல்ல மெல்ல, ஏறக்குறைய 10 ஆண்டுகளில் புற்றாக மாறுகின்றன. அதற்குள் கண்டுபிடித்துவிட்டால், கொலோனோஸ்கோப்பி செய்யும்போதே அதை அகற்றிவிடலாம். அதாவது, இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை மட்டுமல்ல, வராமலே தடுக்கும் சிகிச்சையும்கூட!

முதல் நாள் திரவ உணவு, குடலைச் சுத்தம் செய்ய மருந்து. சிரமம் என்றால் அதுதான். பரிசோதனையின்போது மயக்க மருந்து கொடுப்பார்கள். சுமார் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால், சாதாரணமாக அடுத்த பரிசோதனை 10 ஆண்டுகள் கழித்துத்தான்.

அதற்குத் தயக்கமா? கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் காட்டிக்கொடுக்கும் 'ஃபிட்' என்ற மலப் பரிசோதனை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். ரத்தம் இருப்பது தெரிந்தால் கொலோனோஸ்கோப்பி அவசியம்.

யாருக்கு, எப்போது?

இளையவர்களிடமும் இந்நோய் அதிகரிப்பதால், அமெரிக்காவில் 2021-ல் பரிசோதனை வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். நம் நாட்டின் தேசியப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கானது. எனவே, 45-ஐத் தாண்டியவர்கள் தாங்களாகவே மருத்துவரிடம் கேட்க வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்கு 10 ஆண்டுகள் முன்பே தொடங்க வேண்டும். அப்பாவுக்கு 45-ல் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு 35-ல்.

எந்த வயதிலும் அலட்சியம் கூடாதவை

* மலத்தில் ரத்தம், அல்லது கறுப்பாக மலம் போவது
* வாரக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு
* மலம் கழித்த பிறகும் முழுதாகப் போகாத உணர்வு
* காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை

தட்டிலும் கவனம்

சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது. மது, புகை, உடல் பருமனும் ஆபத்தைக் கூட்டும். கீரை, பயறு, சிறுதானியம், தினசரி நடை ஆகியவை அதைக் குறைக்க உதவும்.

இன்று இரவு சாப்பிட உட்காரும்போது வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம குடும்பத்துல யாருக்காவது குடல்ல புற்றுநோய் வந்திருக்கா?" அந்தப் பதில், உங்கள் பரிசோதனை எப்போது தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.