கடலைக் காணாத எல்லைக்கோட்டை: ஆரணி

பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையில் ஆங்கிலேயரும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் கட்டி வைத்திருந்த கோட்டைகள் முதலில் கப்பல் சரக்கைக் காப்பதற்காகவே எழுந்தவை. ஆனால் ஆற்காட்டு நவாப் பதவிக்கு நேர்ந்த வாரிசுப் போட்டியில் ஆங்கிலேயர் முகம்மது அலியையும் பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபையும் ஆதரித்து எதிரெதிர் அணிகளில் சேர்ந்த பிறகு, அவர்களுக்கிடையிலான எல்லை கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குள் ஏறியது. அவ்வாறு எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுள் ஒன்றுதான் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி. வடக்கே ஆற்காடு, வடமேற்கே வேலூர், தென்கிழக்கே வந்தவாசி, தெற்கே செஞ்சி எனக் கோட்டைகள் சூழ்ந்த நிலப்பரப்பின் நடுவே அது இருந்தமையால், எவர் படை எத்திசையில் நகர்ந்தாலும் அதனைக் கணக்கில் கொள்ளாமல் போக இயலவில்லை.

ஆரணியை ஆண்டவர்கள் மராட்டியப் பிராமணக் குடும்பத்தினர். பதினேழாம் நூற்றாண்டில் பீஜப்பூர் சுல்தானின் தளபதியாகத் தென்னாடு வந்த ஷாஜி போன்ஸ்லேயிடம், அதாவது சிவாஜியின் தந்தையிடம், பணிபுரிந்த வேதாஜி பாஸ்கர் பந்த் என்பவர் இப்பகுதியை ஜாகீராகப் பெற்றார். ஜாகீர் என்பது படைப்பணிக்கும் விசுவாசத்துக்கும் ஈடாக ஒரு நிலப்பகுதியின் வருவாயை அனுபவிக்க அளிக்கப்படும் உரிமை. மேலே இருக்கும் அரசு மாறினால் அவ்வுரிமையை மீண்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கும். பீஜப்பூர், முகலாயர், நவாப், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி என மேலரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறியும் ஜாகீர் நிலைத்தது என்றால், அதற்குக் கோட்டை மதிலின் உறுதியைவிட ஜாகீர்தார்களின் வளைந்துகொடுக்கும் திறமையே காரணம் எனக் கொள்ளலாம்.

அந்தத் திறமைக்கு 1751 நல்ல சான்று. அவ்வாண்டு ஆற்காட்டுக் கோட்டையில் ஆங்கிலப் படையை வளைத்திருந்த முற்றுகை நீங்கியதும், அப்படையின் தலைவர் ராபர்ட் கிளைவ், முராரி ராவ் என்னும் மராட்டியத் தலைவரின் குதிரைப்படையைத் துணைகொண்டு, சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபையும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையையும் பின்தொடர்ந்து, டிசம்பர் 3 அன்று ஆரணி அருகே எதிர்கொண்டார். நிலத்தின் அமைப்பே போரின் போக்கை வகுத்தது: ஒருபுறம் தோப்பு, மறுபுறம் சிற்றூர், முன்னே சேறு நிறைந்த நெல்வயல், அதனூடே உயர்த்திப் போடப்பட்ட ஒரே பாதை. பீரங்கியும் வண்டியும் அந்தப் பாதை வழியாகத்தான் வர முடிந்ததால், எதிரியின் எண்ணிக்கை மிகுதி பெரிதும் பயனற்றுப் போனது. போர் முடிந்தவுடன் ஆரணிக் கோட்டைத் தலைவர் சந்தா சாகிப் தரப்பைக் கைவிட்டு முகம்மது அலியின் பக்கம் சேர்ந்துகொண்டார்.

அடுத்த போர் வேறு வகையானது. ஆங்கிலேயருக்கும் மைசூருக்கும் நடந்த இரண்டாம் மைசூர்ப் போரின்போது ஆரணி, மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் சேமிப்புக் கிடங்காக விளங்கியது. தானியமும் வெடிமருந்தும் குவிந்த அந்தக் கிடங்கைக் குறிவைத்தே ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் 1782 ஜூன் 2 அன்று அவ்வூரை நெருங்கினார். ஹைதர் பின்னாலிருந்து வந்து கூட்டின் படையைத் தன் பக்கம் திருப்பிவைக்க, அதற்குள் அவர் மகன் திப்பு கோட்டையைப் பலப்படுத்தினார். வெற்றி தங்களுக்கே என ஆங்கிலேயர் எழுதிக்கொண்டாலும் கோட்டை அவர்கள் கைக்கு வரவில்லை. உணவுப் பற்றாக்குறையால் கூட் சென்னைக்கே திரும்ப நேர்ந்தது. கூட்டும் ஹைதரும் நேருக்கு நேர் மோதிய கடைசிப் போர் இதுவே. அவ்வாண்டு டிசம்பரில் ஹைதர் இறந்தார்.

படைகள் கடந்துபோன இதே ஊரில் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டைக்கு வெளியே வணிகரும் கைவினைஞரும் குடியேறும் பகுதியைப் பேட்டை அல்லது பாளையம் என்பர். சைதாப்பேட்டை, ஆரணிப்பாளையம், கொசப்பாளையம் என்னும் பெயர்களில் அந்த அமைப்பு இன்றும் தெரிகிறது. ஒருகாலத்தில் ஆரணி பட்டுக்காக அன்றி, மிக மெல்லிய பருத்தி மஸ்லின் துணிக்காகவே புகழ்பெற்றிருந்தது என்பது இன்று பலருக்கும் வியப்பளிக்கலாம். அந்த மஸ்லின் நெசவு மறைந்துவிட, இன்றைய ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.

1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜாகீர் முறைக்கு முடிவு கட்டியது. உத்தராதி மடத்துத் துறவி சத்திய விஜய தீர்த்தரின் பெயரைத் தாங்கிய, ஆரணியை அடுத்த சத்தியவிஜயநகரத்தில் ஜாகீர்தாரின் அரண்மனையும் பிருந்தாவனம் எனப்படும் அத்துறவியின் சமாதியும் உள்ளன. கோட்டைக்குள் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. படைகள் அணிவகுத்த வெளி இப்போது கோட்டை மைதானம் என்று வழங்குகிறது, பொதுக்கூட்டங்கள் அங்கேதான் நடக்கின்றன.