நொடிக்குள் தோன்றி மறையும் பெருங்காந்தம்

காந்தம் என்றதும் நம் மாணவர் நினைவில் எழுவது இரும்புத்தூளை இழுக்கும் இலாடக் காந்தமே. அதனினும் பல்லாயிரம் மடங்கு வலியதொரு காந்தப்புலத்தை, இரும்பும் கம்பிச்சுருளும் இன்றி, ஒளியைக் கொண்டே ஆய்வுக்கூடத்தில் ஆக்க இயலும் என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம். தமிழ்த்துறை மலரில் இயற்பியலா என வினவுவோர் சற்றே பொறுத்தருள்க!

காந்தப்புலத்தை அளக்கும் அலகுகளுள் ஒன்று காஸ். தமிழகத்தில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 0.4 காஸ். மருத்துவமனைகளில் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவிகளில் பெரும்பாலும் 15,000 முதல் 30,000 காஸ். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி. ரவீந்திர குமார் குழுவினர் எட்டி, 2002இல் வெளியிட்ட அளவோ 2 கோடியே 70 இலட்சம் காஸ். அதே ஆண்டில், இங்கிலாந்தின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்து வல்கன் லேசரைக் கொண்டு ஆய்ந்தோர் 34 கோடி காஸ் வரை அளந்ததை வெளியிட்டனர்.

இஃது எங்ஙனம் இயலும்? ஒரு நொடியைப் பத்து இலட்சம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறளவே நீடிக்கும் லேசர்த் துடிப்பொன்றைத் திண்மப் பரப்பின் நுண்புள்ளியில் குவிக்கின்றனர். அவ்விடம் அக்கணமே பிளாஸ்மா ஆகிறது. அதிலுள்ள எலக்ட்ரான்களுள் ஒரு பகுதி பெருவேகம் பெற்று உள்நோக்கிப் பாய்கிறது. மின்னோட்டம் உள்ளவிடத்துக் காந்தம் உண்டு என்பது 1820இல் ஓர்ஸ்டெட் காட்டிய உண்மையன்றோ? எனினும் பிளாஸ்மா வாளாவிருப்பதில்லை. உள்ளே பாய்ந்ததை ஈடுசெய்ய எதிர்த்திசையில் மற்றொரு மின்னோட்டத்தை அனுப்புகிறது. இரண்டும் முற்றும் ஈடாகாதவிடத்து எஞ்சுவதே இப்பெருங்காந்தம்.

மும்பையில் அதன் வாழ்நாள் 6 பிகோ நொடி. அதற்குள் ஒளியே 2 மில்லிமீட்டர் கடவாது! எந்தக் கருவியை அருகில் வைத்து இதனை அளப்பது? இங்குதான் ஆய்வாளரின் மதிநுட்பத்தை எண்ணி வியக்கிறோம். மெலிந்த இரண்டாவது ஒளித்துடிப்பு ஒன்றைப் பின்தொடரச் செய்கின்றனர். காந்தப்புலம் அவ்வொளியின் அதிர்வுத் தன்மையை மாற்றுகிறது; அம்மாற்றத்திலிருந்து புலத்தின் வலிமையைக் கணக்கிடுகின்றனர். கண்ணாடிகளை நகர்த்தி அதன் பாதையை 0.3 மில்லிமீட்டர் நீட்டினால் அது ஒரு பிகோ நொடி பிந்தி வரும். இவ்வாறு பிந்தும் நேரத்தை மாற்றி மாற்றிக் காந்தத்தின் பிறப்பையும் இறப்பையும் படிப்படியாகக் கண்டனர். எதிர் மின்னோட்டம் வழக்கத்தினும் மிக விரைவாகத் தணிவதும் இதனால் வெளிப்பட்டது.

இதன் பயன் யாது? லேசரால் அணுக்கருப் பிணைவை மூட்ட முயலும் முறைகளுள் ஒன்றில், விரை எலக்ட்ரான்கள் பிளாஸ்மாவைக் கடந்து எரிபொருளின் நடுவை அடைந்து தீமூட்ட வேண்டும். ஆனால் 2012இல் மும்பைக் குழுவினர், காந்திநகர்ப் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தார் முதலானோருடன் இணைந்து வெளியிட்ட ஆய்வில், இப்புலம் ஒழுங்காக அமையாது, வெள்ளச் சுழல்போல் கொந்தளிப்பதைக் காட்டினர். அச்சுழலிடைப் புகும் எலக்ட்ரான்கள் நேர்வழி செல்வது அரிது.